பெயரும் மருந்தில் பாதி

மூலிகைச் சொற்கள் – 11

சுக்கு, திப்பிலி, அதிமதுரம் என்று நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் சரக்குகளின் பெயர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். கடைக்கே வராமல் வேலியோரத்திலும் தொட்டியிலும் வளர்ந்து, தேவைப்படும்போது கிள்ளிக்கொள்கிற பச்சிலைகளின் பெயர்களை இந்த வாரம் பார்ப்போம். கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் குழந்தைக்குச் சளி பிடித்தால், பனிக்கூர்க்க இலையை வாட்டிப் பிழிந்து சாறு கொடுப்பது வழக்கம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அதே செடியை நாம் கற்பூரவள்ளி என்றும் ஓமவல்லி என்றும் சொல்கிறோம், கைவைத்தியமும் அதேதான். அங்கே பெயர் நோயைச் சொல்கிறது. இங்கே மணத்தைச் சொல்லி இலையை அடையாளம் காட்டுகிறது. பச்சிலையின் நாட்டுப்பெயர் வெறும் அழைப்புச்சொல் அன்று, மருத்துவ அறிவில் ஒரு பங்கு. செடியைக் காப்பதுபோல் அதையும் ஊரோடும் ஆளோடும் சேர்த்துப் பதிவு செய்து காக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கான பெரிய சான்று கொச்சியிலேயே உருவானது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 742 செடிகளின் விவரங்கள், படங்களோடு அதில் உள்ளன. நூலின் மொழி இலத்தீன். அதிலுள்ள மருத்துவ அறிவு உள்ளூர் வைத்தியர்களுடையது. தோப்பும்படியிலிருந்து பள்ளுருத்தி, இடக்கொச்சி, அரூர் என்று தெற்கே போனால் சேர்த்தலை வரும். அதன் பக்கத்திலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் குடும்பத்து ஏட்டைப் பார்த்துச் சொன்னார். கொச்சியிலிருந்த கொங்கணி வைத்தியர்கள் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோரும் உதவினர். அச்சுதன் சொன்னதை இம்மானுவேல் கார்னெய்ரோ போர்த்துக்கீசியத்தில் எழுதினார். அதிலிருந்து இலத்தீனுக்குப் போனது. 1675 ஏப்ரல் 20 என்று நாளிட்ட அச்சுதனின் சான்றுரை, அவருடைய எழுத்து வடிவிலேயே முதல் தொகுதியில் இடம்பெற்றிருக்கிறது.

இத்தனை மொழிகளைக் கடந்தும் செடிகள் தங்கள் மலையாளப் பெயரை இழக்கவில்லை. அவையே நூலின் தலைப்புகள். 1753-இல் லின்னேயஸ் உலகத் தாவரங்களை வகைப்படுத்தியபோது இந்த நூலையும் கையில் வைத்திருந்தார். நாம் பசலை என்று சமைக்கும் கீரையின் அறிவியல் பெயர் இன்றும் பசெல்லா. அது இந்த நூலின் வழியாகப் போன பெயர். காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லி, அதில் கீர்கநெலி என்று இருக்கிறது. இலைக்குக் கீழே நெல்லிபோல் காய் தொங்குவதைச் சொல்லும் அந்தப் பெயர், செடியை ஒருபோதும் பார்க்காதவருக்கும் பாதி அடையாளத்தைக் கொடுத்துவிடுகிறது. அச்சுதனின் ஏடு இன்று கிடைக்கவில்லை. அவர் வாய்விட்டுச் சொல்லிப் பிறர் எழுதிவைத்ததுதான் எஞ்சியிருக்கிறது. அந்த நூலுக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த தாவரவியலாளர் கே.எஸ். மணிலாலின் உழைப்பால் அது 2003-இல் ஆங்கிலத்திலும், 2008-இல் மலையாளத்திலும் வந்தது. அந்த அறிவு பிறந்த மொழிக்குத் திரும்பி வர 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நாட்டுப்பெயரை நம்ப முடியாது, ஊருக்கு ஊர் மாறும் என்பார்கள். மறுக்க முடியாத உண்மை அது. கேரளத்தில் பிரம்மி என்றால் நீர்ப்பிரமி. வடக்கே பல இடங்களில் அதே பெயர் வல்லாரையைக் குறிக்கும். பெயர்க் குழப்பம் உயிருக்கும் உலை வைக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சிகிச்சை பெற்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. ‘ஃபாங் ஜி’ என்ற சீன மூலிகைக்குப் பதிலாக, அதை ஒத்த பெயருடைய வேறொரு மூலிகை மருந்தில் சேர்ந்ததே காரணம். அதிலிருந்த நஞ்சு அரிஸ்டோலோகிக் அமிலம்; நம்மூர் ஆடுதின்னாப்பாளையின் இனத்துச் செடிகளில் இருப்பது. ஆனால் இந்தச் சான்று நாட்டுப்பெயரைக் கைவிடச் சொல்லவில்லை. எந்த ஊரில் எந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதைத் துல்லியமாக எழுதிவைக்கச் சொல்கிறது.

அறிவியல் பெயர் மட்டும் இருந்தால் போதாதா? போதாது. அதுவும் தவறும். சீதபேதிக்குப் பட்டை எடுக்கும் குடசப்பாலை, கொச்சி நூலில் ‘கொடக பால’. அதையும் இலங்கையிலிருந்து கிடைத்த வேறொரு செடியையும் லின்னேயஸ் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டார். அந்தச் சிக்கலை அவிழ்க்கப் பின்னால் வந்தவர்கள் கொச்சி நூலின் படத்துக்கும் விவரத்துக்கும் திரும்பிப் போக வேண்டியிருந்தது. தவிர, அறிவியல் பெயர் செடி எது என்று சொல்லும்; எந்தப் பாகம், எந்த நோய்க்கு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லாது. அது ஊராரின் பேச்சில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு முழுமையாகும். இப்படிப் பதிவு செய்வது போலி வைத்தியத்துக்கு இடம் கொடுக்கும் என்பவர்களுக்கும் இதுவே பதில்: எந்தச் செடி என்று தெரியாதவரை அதன் நன்மையையும் சோதிக்க முடியாது, நஞ்சையும் கண்டுபிடிக்க முடியாது.

இவை சாகப்போகும் பழஞ்சொற்கள், எழுதி என்ன பயன் என்பது கடைசி மறுப்பு. சொல்லாக்கம் நின்றுவிடவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய ஒரு களைச்செடிக்குக் கேரளத்தில் கம்யூனிஸ்ட் பச்ச என்று பெயர். அதன் இலையைக் கசக்கிக் காயத்தில் வைப்பார்கள். அதே கண்டத்திலிருந்து வந்த இன்னொரு செடிக்குத் தமிழர்கள் வெட்டுக்காயப் பூண்டு என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வந்த செடியைப் பார்த்து, பயன்படுத்தி, பெயரிடும் மக்கள் இருக்கும்வரை அந்த மொழி உயிரோடுதான் இருக்கிறது. தொலைவது சொற்களை வைத்திருக்கும் முதியவர்கள்.

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். உள்ளூர்ப் பெயர்களுக்கும் பயன்களுக்கும் அதில் இடமுண்டு. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பச்சிலைப் பெயர்களை, ஊர், சொன்னவர், செடியின் படம், பயன்படுத்தும் பாகம், எச்சரிக்கை ஆகியவற்றோடு எழுதிச் சேருங்கள். கற்றவர் ஒருவரிடம் காட்டி அறிவியல் பெயரையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இட்டி அச்சுதனுக்கு ஒரு வான் ரீடு வாய்த்தார். நம் பாட்டிமார்களுக்கு நாம்தான் இருக்கிறோம்.

(தொடரும்)