முதியோர் குடியிருப்பில் சபையைத் தேடும்போது



கோயம்புத்தூரைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் பல எழும்பியுள்ளன. பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க, நம் விசுவாசிகளும் அங்கே குடிபோகிறார்கள். மருத்துவர், சாப்பாடு, லிப்ட் எல்லாவற்றையும் விசாரிப்பவர்கள் ஆலயத்தை மட்டும் பணம் கட்டிய பிறகே தேடுகிறார்கள்.

வீடு பார்க்க ஞாயிறு காலையில் போங்கள் என்பதே நாங்கள் சொல்லும் ஆலோசனை. ஆட்டோ கிடைக்கிறதா, ஆலயத்தில் எத்தனை படிகள், கழிப்பறை எங்கே என்று அன்றே தெரிந்துவிடும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆராதனைக்கு வராததற்குப் பலமுறை கழிப்பறைதான் காரணம், விசுவாசக் குறைவல்ல. மருத்துவரைக் கேட்டு, அன்று மட்டும் மாத்திரையை ஆராதனை முடிந்தபின் எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிப் புதிய ஆயரிடம் கொடுங்கள். வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கவேண்டும் என்கிறது யாக்கோபு 5:14. நம்மை அறியாதவர்களை எப்படி வரவழைப்பது? நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்க ஆயர்கள் வருவார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவேண்டும்.

கோவைச் சபைகளிலுள்ள ஆதரவாளர்களே, ஞாயிறன்று உங்கள் காரில் ஓர் இடம் காலியாக இருந்தால், வழியிலுள்ள குடியிருப்பில் தயவுசெய்து விசாரியுங்கள்.