பின்னால் ஒளி இருந்தால்தான் தூசு தெரியும்

கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ராபர்ட் டிரம்ப்ளர் விண்மீன் கொத்துகளை ஆராய்ந்தபோது ஒரு விநோதம் தென்பட்டது. ஒளி மங்குவதை வைத்துத் தொலைவைக் கணக்கிட்டால், தூரத்துக் கொத்துகள் எல்லாம் அருகில் உள்ளவற்றைவிட உருவத்தில் பெரியவையாக வந்தன. நம்மை விட்டு விலக விலகக் கொத்துகள் பருக்க என்ன காரணம் இருக்க முடியும்? கொத்துகள் பெரியவை அல்ல, கணக்கில் வந்த தொலைவுதான் கூடுதல். வழியில் இருக்கும் தூசு ஒளியைக் குறைத்துவிடுகிறது என்று 1930-இல் அவர் நிறுவினார்.

இந்தத் தூசு சிலிகேட்டும் கரியும் கலந்த துகள்கள். பல துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். நீல ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு என்பதால், நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுக்கின்றன. அதனால்தான் தூசுக்குப் பின்னால் உள்ள விண்மீன் மங்குவதோடு சிவந்தும் தெரிகிறது. அகச்சிவப்புக் கதிர்கள் பெருமளவு ஊடுருவி வந்துவிடும். பால்வீதியின் மையத்தை நாம் ஆராய்வது அந்த வழியில்தான்.

பிற சுருள் கேலக்ஸிகளின் வட்டுகள் எவ்வளவு ஒளிபுகாதவை என்பதைச் சொல்வது கடினம். விண்மீன்களும் தூசும் ஒரே வட்டில் கலந்து கிடக்கின்றன. தூசுக்கு முன்னால் உள்ள விண்மீன்களின் ஒளி தடையின்றி வந்து சேர, பின்னால் மறைந்திருப்பவை கணக்கிலேயே வராமல் போகும். வட்டுகள் பெரும்பாலும் ஒளிபுகாதவை என்று 1990 வாக்கில் சிலர் வாதிட்டார்கள்.

விடை காண ஓர் அருமையான வழி, ஒரு கேலக்ஸிக்குப் பின்னால் இன்னொன்று நிற்கும் இடத்தைத் தேடுவது. வானியலாளர்கள் ரேமண்ட் வைட்டும் வில்லியம் கீலும் அப்படிப்பட்ட ஜோடிகளை அளந்தார்கள். ஹைட்ரா விண்மீன் குழுவில் உள்ள என்.ஜி.சி. 3314 மிக அழகான ஜோடி. முன்னது 11.7 கோடி ஒளியாண்டு தொலைவில், பின்னது சுமார் 14 கோடியில். ஹபிள் தொலைநோக்கியின் படத்தில், வெளிப்புறத்தில் இளம் விண்மீன்களால் நீலமாக ஒளிரும் முன் கேலக்ஸியின் கரங்கள், பின் கேலக்ஸியின் பிரகாசமான மையத்துக்கு நேரே வரும்போது கரிய கோடுகளாகத் தெரிகின்றன. வட்டு முழுக்க ஒரே சீராக மறைப்பதில்லை. கரங்களில் தூசு அடர்ந்திருக்க, இடைவெளிகளில் பின்னொளி ஏராளமாகக் கசிந்து வருகிறது.

தடுக்கப்பட்ட ஒளியில் துகள்கள் விழுங்கிய பங்கு வீணாவதில்லை. அவற்றைச் சற்றே சூடாக்கி, சுமார் மைனஸ் 250 டிகிரி செல்சியஸில், தொலைஅகச்சிவப்புக் கதிராக வெளியேறுகிறது. 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் முதல் இதை அளந்து வருகிறோம்: சுருள் கேலக்ஸிகளின் விண்மீன் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் உருமாறி வெளிவருகிறது.