எத்தனை மைல் என்று கேட்காதீர்கள்

கேபிள் கட்டணத்தை நிறுத்திவிட்டுக் கூரையில் ஓர் ஆன்டெனா மாட்டலாம் என்று கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது, அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மைல் கணக்கைத்தான். 100 மைல், 150 மைல், சிலவற்றில் அதற்கும் மேல். அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஆன்டெனாவுக்கென்று ஒரு தூரம் கிடையாது. சிக்னல் எவ்வளவு தூரம் வரும் என்பதை ஒளிபரப்புக் கோபுரத்தின் உயரமும், அதன் சக்தியும், நடுவில் இருக்கும் மேடு பள்ளங்களும், பூமியின் வளைவும் முடிவு செய்கின்றன.

எளிய கணக்கு ஒன்று உண்டு. கோபுரத்தின் உயரத்தை அடியில் எடுத்து, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் ரேடியோ அலையின் அடிவானம் மைலில் கிடைக்கும். நியூயார்க்கின் ஒன் வேர்ல்டு டிரேடு சென்டர் உச்சி 1,776 அடி. கணக்குப் போட்டால் சுமார் 60 மைல். உங்கள் ஆன்டெனா 30 அடி உயரத்தில் இருந்தால் இன்னும் எட்டு மைல் சேரும். அதற்கு அப்பால் அலை கொஞ்சம் வளைந்தும் சிதறியும் வரும்தான். ஆனால் இன்று வந்தது நாளை வரும் என்று சொல்ல முடியாது. 150 மைல் என்று அச்சிட்டவர் இந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை.

ஆகவே வேலையை வீட்டு முகவரியிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவில் இதற்கு இரண்டு நல்ல கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று, எஃப்.சி.சி. என்ற அரசு ஆணையத்தின் டிஜிட்டல் தொலைக்காட்சி வரைபடம். மற்றது, ரேபிட்இயர்ஸ் தளத்தின் சிக்னல் தேடல். இரண்டாவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். முகவரியையும் ஆன்டெனாவின் உயரத்தையும் கொடுத்தால், ஒவ்வொரு நிலையமும் எந்தத் திசையில், எத்தனை மைலில், தேவைக்கு மேல் எத்தனை டெசிபல் மிச்சத்தோடு வரும் என்று பட்டியல் தரும். அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எடுக்கும் முடிவுகள் எல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான்.

ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நியூ ஜெர்சியின் நடுவில் இருக்கும் பிளெயின்ஸ்பரோ தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். ஆன்டெனா விஷயத்தில் விசேஷமான இடமும்கூட. அங்கிருந்து நியூயார்க் கோபுரங்கள் வடகிழக்கில் சுமார் 40 மைல். பிலடெல்பியா நிலையங்களின் கோபுரங்கள் நிற்கும் ராக்ஸ்பரோ தென்மேற்கில், அதுவும் சுமார் 40 மைல். உண்மை வடக்கிலிருந்து அளந்தால் ஒன்று ஏறக்குறைய 48 பாகை, மற்றது 240 பாகை. கிட்டத்தட்ட நேர் எதிரெதிர். ஒரே கூரையில் இரண்டு பெருநகரங்களின் நிலையங்கள் கிடைக்கக்கூடிய ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்தில் ஜயன்ட்ஸ் ஆட்டம் ஒரு நகரத்திலும் ஈகிள்ஸ் ஆட்டம் இன்னொரு நகரத்திலும் ஓடும்போது இதன் அருமை தெரியும்.

பட்டியலில் அடுத்துப் பார்க்க வேண்டியது சேனல் எண். திரையில் தெரியும் எண் ஒன்று, நிலையம் உண்மையில் ஒளிபரப்பும் எண் வேறு. 2009 ஜூன் 12 அன்று பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்றபோது பல நிலையங்கள் புதிய சேனல்களுக்கு மாறின. ஆனால் மக்களுக்குப் பழகிய பழைய எண்ணையே திரையில் காட்டி வருகின்றன. பிறகு 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியை அரசு கைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்டது. 2017இல் முடிந்த அந்த ஏலத்தில் சுமார் 1,980 கோடி டாலர் கிடைத்தது. 38 முதல் 51 வரையிலான சேனல்களில் இருந்த நிலையங்கள் எல்லாம் கீழே இறங்க வேண்டியதாயிற்று. அந்த இடமாற்றம் 2020 ஜூலையில் நிறைவுற்றது. நியூயார்க்கின் சி.பி.எஸ். நிலையம் திரையில் 2.1 என்று காட்டும். வருவதோ 36ஆம் சேனலில். பொது ஒளிபரப்பு நிலையங்களின் கதை இன்னும் வேடிக்கை. நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டி. திரையில் 13, உண்மையில் 12. பிலடெல்பியாவின் டபிள்யூ.எச்.ஒய்.ஒய். திரையில் 12, உண்மையில் 13.

திரையில் தெரியும் எண்ணை மறந்துவிட்டு, உண்மை எண்ணை மட்டும் தாளில் வட்டமிடுங்கள். அதை மூன்று கட்டாகப் பிரிக்க வேண்டும். 2 முதல் 6 வரை கீழ் வி.எச்.எஃப்., 7 முதல் 13 வரை மேல் வி.எச்.எஃப்., 14 முதல் 36 வரை யூ.எச்.எஃப். இந்தப் பிரிவுதான் ஆன்டெனாவின் உருவத்தை நிர்ணயிக்கிறது. அலையைப் பிடிக்கும் தண்டு அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். யூ.எச்.எஃப்.புக்கு 25 முதல் 32 சென்டிமீட்டர் போதும். 7ஆம் சேனலுக்கு 85 சென்டிமீட்டர். 6ஆம் சேனலுக்கோ ஒன்றே முக்கால் மீட்டர், ஏறக்குறைய ஆறு அடி. கைக்குட்டை அளவில் தட்டையாக வரும் ஆன்டெனா எல்லா சேனலையும் பிடிக்கும் என்று விளம்பரம் சொன்னால், இந்த அளவுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் ஏ.பி.சி.யின் 7, டபிள்யூ.பி.ஐ.எக்ஸின் 11, மேலே சொன்ன 12 ஆகியவை மேல் வி.எச்.எஃப்.பில் இருக்கின்றன. எனவே அந்தப் பகுதியில் யூ.எச்.எஃப். மட்டும் வாங்குவது சரிவராது. பிலடெல்பியாவின் ஏ.பி.சி. நிலையமான டபிள்யூ.பி.வி.ஐ. திரையிலும் 6, உண்மையிலும் 6. பெரிய நகரங்களில் கீழ் வி.எச்.எஃப்.பிலேயே தங்கிவிட்ட நிலையங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. இந்த ஒரு நிலையத்துக்காகக் கூரையில் ஆறடித் தண்டு வேண்டுமா? பிலடெல்பியாவின் உள்ளூர்ச் செய்தி உங்களுக்கு முக்கியம் என்றால் வேண்டும். இல்லையென்றால் நியூயார்க்கின் 7 அதே ஏ.பி.சி. நிகழ்ச்சிகளைத் தருகிறது. பிளெயின்ஸ்பரோவில் நான் 6ஐ விட்டுவிடச் சொல்வேன்.

இனிதான் வகை. யாகி என்பது நீண்ட நடுத்தண்டில் சிறு தண்டுகளை வரிசையாகப் பொருத்தியது. 1920களில் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் கண்ட வடிவம். ஒரே திசையைக் கூர்மையாகப் பார்க்கும். கோபுரங்கள் எல்லாம் ஒரே பக்கம், தூரமும் அதிகம் என்றால் இதற்கு ஈடில்லை. இரண்டாவது வகை, பட்டாம்பூச்சிச் சிறகு போன்ற கம்பிகள் நான்கு அல்லது எட்டு ஜோடி, பின்னால் ஒரு கம்பி வலை. இது இன்னும் கொஞ்சம் அகலமான பரப்பைப் பார்க்கும், மரங்களுக்கிடையிலும் நன்றாக வேலை செய்யும். எல்லாத் திசையிலும் பிடிக்கும் என்று விற்கப்படும் வட்டத் தட்டு ஆன்டெனாக்கள் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான். 40 மைலில் வேண்டாம்.

வாங்கும்போது புதிய வடிவமைப்பா என்றும் பாருங்கள். பழைய யூ.எச்.எஃப். ஆன்டெனாக்கள் 69ஆம் சேனல் வரைக்குமாகச் செய்யப்பட்டவை. அவற்றின் திறன் மேல் எண்களில் உச்சத்துக்குப் போகும்; இன்று அங்கே நிலையமே இல்லை. 14 முதல் 36 வரைக்கென்றே செய்தது நல்லது. திறனை ஒப்பிடும்போது இரண்டு பெட்டியிலும் ஒரே அலகு இருக்கிறதா என்று கவனியுங்கள். டி.பி.ஐ. கணக்கு டி.பி.டி.யைவிட 2.15 கூடுதலாகத் தெரியும், பொருள் அதேதான். ‘டிஜிட்டல் ஆன்டெனா’, ‘4கே ஆன்டெனா’ என்பவை வெறும் விற்பனைப் பேச்சு. ஆன்டெனாவுக்கு ரேடியோ அலை மட்டும்தான் தெரியும். புதிய தரமான ஏ.டி.எஸ்.சி. 3.0 ஒளிபரப்பும் அதே சேனல்களில், அதே ஆன்டெனாவில்தான் வருகிறது. மாற வேண்டியது டியூனர்.

பிளெயின்ஸ்பரோவின் இரண்டு திசைகளுக்கு வருவோம். பலருக்கும் முதலில் தோன்றுவது, இரண்டு ஆன்டெனாவை எதிரெதிராக மாட்டி, சிக்னலைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு இணைத்துவிடுவது. இதில் சிக்கல் இருக்கிறது. ஒரே நிலையத்தின் சிக்னல் இரண்டு ஆன்டெனாவிலும் ஏறி, சற்றே வேறு நேரத்தில் வந்து சேர்ந்து, ஒன்றை ஒன்று கெடுக்கும். இணைப்பிலேயே 3.5 டெசிபல், அதாவது பாதிக்கு மேற்பட்ட சக்தி, போய்விடும். மோட்டார் வைத்து ஆன்டெனாவைத் திருப்பலாம். ஆனால் வீட்டில் இரண்டு டிவி இருந்தால் ஒருவர் நியூயார்க்கும் இன்னொருவர் பிலடெல்பியாவும் கேட்கும்போது அது உதவாது. இரண்டு ஆன்டெனாவையும் தனித்தனி நெட்வொர்க் டியூனரில் சொருகி, வீட்டு வைஃபை வழியே எல்லா டிவிக்கும் அனுப்புவது நல்ல தீர்வு, செலவு கூடும்.

இந்த ஊருக்கு மட்டும் இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. நான்கு ஜோடி கொண்ட பட்டாம்பூச்சி ஆன்டெனாவை வாங்கி, பின்னால் இருக்கும் வலையைக் கழற்றிவிடுங்கள். வலைதான் பின்பக்க அலையைத் தடுத்து முன்பக்கம் குவிக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஆன்டெனா முன்னும் பின்னும் சமமாகப் பார்க்கும். முன்பக்கத் திறனில் இரண்டு மூன்று டெசிபல் குறையும். பதிலுக்கு இரண்டு நகரங்களும் ஒரே கம்பத்தில் கிடைக்கும். 48க்கு நேர் எதிர் 228. நமக்கு வேண்டியது 240. வித்தியாசம் 12 பாகைதான். ஆன்டெனாவை 54ஐ நோக்கி வைத்தால் இரண்டு பக்கமும் ஆறு ஆறு பாகைதான் விலகும். அது பொருட்டே அல்ல. மேல் வி.எச்.எஃப்.புக்கு ஒரு சாதாரண இருகைத் தண்டு போதும். அது இயல்பிலேயே இரண்டு பக்கமும் பார்ப்பது. இரண்டையும் யூ.எச்.எஃப்.–வி.எச்.எஃப். காம்பைனர் என்ற சின்னப் பெட்டியில் இணைத்தால் இழப்பு மிகக் குறைவு.

மாட்டும் இடம் எது? எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் அனுமதிக்காது என்று பலர் பயந்து கைவிடுகிறார்கள். 1996இலிருந்து எஃப்.சி.சி.யின் ஓடார்டு விதி நடப்பில் இருக்கிறது. உள்ளூர்த் தொலைக்காட்சியைப் பிடிக்கும் ஆன்டெனாவை, உங்கள் தனி உபயோகத்திலுள்ள இடத்தில் மாட்டுவதைச் சங்கம் தடுக்க முடியாது. பாதுகாப்பு, பழம்பெரும் கட்டடம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. கம்பம் கூரைக்கு மேல் 12 அடியைத் தாண்டினால் அனுமதி கேட்கலாம். ஆனால் டவுன்ஹவுஸில் கூரை பொதுச் சொத்தாக இருந்தால் இந்த விதி கூரைக்குப் பொருந்தாது. பால்கனிக்கும் பின்முற்றத்துக்கும்தான் பொருந்தும். பத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சங்கத்திடம் பேசுங்கள். கூரைக்கு உள்ளே, பரணில் வைக்கலாமா என்றால் வைக்கலாம். ஆனால் கூரையே கணிசமான சிக்னலைத் தின்றுவிடும். உலோகக் கூரையோ அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகையோ இருந்தால் பரணை மறந்துவிடுங்கள். தாளில் 25, 30 டெசிபல் மிச்சம் காட்டினால் மட்டும் பரணை யோசிக்கலாம்.

கேபிள் ஆர்.ஜி.6 வகையாக இருக்கட்டும். 100 அடிக்கு யூ.எச்.எஃப்.பில் சுமார் 5 டெசிபல் போகும். இரண்டாகப் பிரித்தால் 3.5, நான்காகப் பிரித்தால் 7. இவற்றைத் தாளில் இருக்கும் மிச்சத்திலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். கணக்கு இடித்தால்தான் ப்ரீ-ஆம்ப் என்ற சிக்னல் பெருக்கி வேண்டும். அது கம்பத்தில், ஆன்டெனாவுக்கு அருகில் இருக்க வேண்டும். கேபிளில் தேய்ந்துபோன சிக்னலை டிவிக்குப் பக்கத்தில் பெருக்கினால் கூடவே இரைச்சலும் பெருகும். ப்ரீ-ஆம்புக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாக மேலே போகிறது. எனவே மின்சாரம் ஏற்றும் துண்டை ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், ஆன்டெனாப் பக்கமாகப் போடுங்கள். 6ஆம் சேனல் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ப்ரீ-ஆம்ப்களில் எஃப்.எம். வடிகட்டி இருக்கும். எஃப்.எம். தொடங்குவது 88 மெகாஹெர்ட்ஸில். 6ஆம் சேனல் முடிவதும் அதே 88இல். வடிகட்டி அந்தச் சேனலையும் சேர்த்து அமுக்கிவிடும். அணைத்து வைக்கும் வசதி உள்ளதாக வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே ஓடும் கேபிள் வயரைப் பயன்படுத்தலாம். ஆனால் கேபிள் நிறுவனத்தின் இணைப்பைக் கழற்றிய பிறகுதான்.

இனிச் சொல்வதில் சமரசமே கூடாது. கம்பம் சரிந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். கம்பத்திலிருந்து 10 கேஜ் செம்புக் கம்பி ஒன்று நேராக இறங்கி, வீட்டின் மின் எர்த்துடன் இணைய வேண்டும். தனியாக ஒரு கோலை மண்ணில் அடித்து அதோடு விட்டுவிடுவது போதாது, ஆபத்தும்கூட. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிரவுண்டிங் பிளாக் வைத்து அதையும் அதே எர்த்தில் சேருங்கள். நேரடி இடியை இது தடுக்காது. காற்றில் சேரும் நிலைமின்னையும், அருகில் விழும் இடியின் தூண்டலில் வரும் மின்னையும் பெருமளவு மண்ணுக்கு இறக்கிவிடும். ஏணியிலும் கூரைச் சரிவிலும் பழக்கமில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

திசை வைக்கும்போது காந்த ஊசி காட்டுவது உண்மை வடக்கு அல்ல. மத்திய நியூ ஜெர்சியில் அது சுமார் 12, 13 பாகை மேற்கே விலகும். உண்மைத் திசை 54 என்றால் ஊசியில் 67 அருகே படிக்க வேண்டும். கைபேசித் திசைகாட்டியில் உண்மை வடக்கு என்ற தேர்வு இருக்கும்; அதைப் போட்டுக்கொண்டால் கழித்தல் கூட்டல் தேவையில்லை.

டிவி அமைப்பில் ‘கேபிள்’ என்று இருப்பதை ‘ஆன்டெனா’ என்று மாற்றிவிட்டுத் தேடலைத் தொடங்குங்கள். வந்த எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். டிஜிட்டலில் படம் மெல்ல மங்காது. எல்லைக்கு மேலே இருக்கும்வரை அப்பழுக்கில்லாமல் ஓடும், கீழே இறங்கியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பழைய ஏ.டி.எஸ்.சி. 1.0க்கு அந்த எல்லை இரைச்சலைவிட சுமார் 15 டெசிபல் மேலே. எனவே டிவியின் சிக்னல் அளவுமானியைத் திறந்து, தாளிலேயே பலவீனமாக இருந்த நிலையத்தை வைத்து ஆன்டெனாவைச் சில பாகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் அளவுமானி நிலைபெறச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும்.

முடிந்தால் இந்த வேலையை ஜூனில் செய்யுங்கள். யூ.எச்.எஃப். அலையை ஈரமான இலைகள் நன்றாக உறிஞ்சும். மேப்பிளும் ஓக்கும் முழு இலையோடு நிற்கும்போது, மழை பெய்யும் நாளிலும் பலவீனமான நிலையம் உடையாமல் ஓடினால், அந்த ஆன்டெனா குளிர்காலத்தில் உங்களைக் கைவிடாது. ஜனவரியில் மாட்டியவர்கள் மே மாதக் கடைசியில் ஒருமுறை அளவுமானியைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.