காரைக் கழுவுவதிலும் அறிவியல் உண்டு

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்குமிடத்தில் உள்ளது பாசிர் பெனம்பாங். அங்கு கடற்காற்று கார் மீது உப்பைப் படியவைக்கிறது. செம்பனைத் தோட்டச் சாலைகளின் தூசியும் சேர்ந்துகொள்கிறது. உப்பு கலந்த ஈரம் இரும்பை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே, விடுமுறையில் அப்பாவின் காரைக் கழுவும் மாணவர்களே, இதைக் கவனியுங்கள்.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்குங்கள். காய்ந்த தூசியோடு தேய்த்தால் மணல் சாயத்தைக் கீறிவிடும். உப்பு தங்கும் அடிப்பாகத்தையும் அலசுங்கள். வாளிகள் இரண்டு தேவை: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் நீர். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். பழைய மெழுகையும் அது நீக்கிவிடும்.

நிழலில் கழுவி, ஈரம் போகத் துடைத்தபின் மெழுகு பூசுங்கள். கார் மெழுகில் பெயர்பெற்ற கர்னாபா, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைப்பது. அது நீரை ஒட்டவிடாது. ஆனால் பிடித்துவிட்ட துருவை எந்த மெழுகும் போக்காது.

கழுவிய நீர் கால்வாய் வழியே ஆற்றைச் சேரும். கம்போங் குவாந்தான் மின்மினிகள் வாழ்வதும் அந்த ஆற்றங்கரையில்தான். முடிந்தால் புல்தரையில் கழுவுங்கள். ஷாம்புவை அளவோடு ஊற்றுங்கள்.