சிரிப்புக்கு அடியில் இருப்பது என்ன?

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். எட்டிப் பார்க்கிறோம். அடிதடி இல்லை, ஆபாசம் இல்லை. நிம்மதியோடு நம் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். ஆனால் கெட்டது இல்லை என்பதாலேயே ஒரு தொடர் நல்லதாகிவிடுமா? சற்றுச் சிந்திப்போம்.

பிள்ளைகளை மனதில் வைத்து அமெரிக்காவின் டிஸ்னி சேனல் தயாரித்த நகைச்சுவைத் தொடர் 'ஹன்னா மொன்டானா'. 2006 மார்ச் முதல் 2011 சனவரி வரை ஒளிபரப்பானது. இன்றும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. எல்லா வயதினருக்கும் ஏற்றது என்ற தரக்குறியீடு பெற்றது. கதை எளியது. மைலி என்ற சிறுமி பகலில் சாதாரண மாணவி. பொன்னிறப் பொய்முடி அணிந்து மேடை ஏறினால் ஊரே கொண்டாடும் பாடகி ஹன்னா. இந்த இரகசியத்தைக் காப்பாற்ற அவள் படும் பாடுதான் நகைச்சுவை.

இத்தொடரில் பாராட்டத்தக்கவை உண்டு. தாயை இழந்த பிள்ளைகளைப் பொறுப்போடு வளர்க்கும் தந்தை இருக்கிறார். மகள் தவறும்போது பொறுமையாக உட்காரவைத்துப் பேசுகிறார். தோழி லில்லியின் நட்பு உண்மையானது. பெரும்பாலான கதைகளின் முடிவில் மன்னிப்பும் உண்டு.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், அதற்கும் ஒரு சிரிப்பொலி. அண்ணனை மட்டம்தட்டிப் பேசுவது வேடிக்கையாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, "நீ நீயாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்" என்ற எண்ணம் சத்தமின்றிப் பிஞ்சு மனதில் பதியக்கூடும்.

இதற்குத் தொடரே ஒரு பதில் தருகிறது. கடைசிப் பருவத்தில் மைலி பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கிறாள். கிடைக்கவில்லை. அவளுடைய சாதனைகளெல்லாம் ஹன்னாவின் பெயரில்தானே இருக்கின்றன! 2010-இல் ஒளிபரப்பான பகுதியில் அவள் எல்லார் முன்னிலையிலும் பொய்முடியைக் கழற்றுகிறாள். பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க வேண்டிய காட்சி இது.

திரைக்கு வெளியே நடந்ததும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மைலியாக நடித்த மைலி சைரசுக்குத் தந்தையாக நடித்தவர் அவருடைய சொந்தத் தந்தை பில்லி ரே சைரஸ். இத்தொடர் தம் குடும்பத்தைச் சிதைத்துவிட்டது என்று அவர் 2011-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வருந்தினார். திரையில் சிரித்த குடும்பம் வீட்டில் அழுதிருக்கிறது. புகழ் வேண்டும் என்று நம் பிள்ளைகளைத் துரத்தும் நமக்கும் இது ஒரு பாடம்.

அப்படியானால் இத்தொடரைப் பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் சேர்ந்து பார்ப்போம். தரக்குறியீடு எது இல்லை என்பதை மட்டுமே சொல்லும். எது இருக்கிறது என்பதை நாம்தான் அருகில் அமர்ந்து அறிய வேண்டும். பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்போம். இதில் யார் பொய் சொன்னார்? அதனால் யார் காயப்பட்டார்? உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

பதில் சொல்வதில் பிள்ளைகள் நம்மை வியக்க வைப்பார்கள். "வேடம் எதுவும் வேண்டாம், நீ இருக்கிறபடியே எங்களுக்கு வேண்டும்" என்று நம் பிள்ளையிடம் கடைசியாக எப்போது சொன்னோம்? இன்று மாலை தொலைக்காட்சியை அணைத்தபின் சொல்வோமா?