ராஜாஜி மாறினார், மாற வேண்டிய இடத்தில் மாறவில்லை

1967 தேர்தல் என்றதும் விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதே தேர்தலில் சிவகாசி மக்களவைத் தொகுதியை வென்றது ராஜாஜியின் சுதந்திராக் கட்சி. அப்போது அது திமுகவின் கூட்டணிக் கட்சி.

1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் இந்த ராஜாஜிதான். அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரிழந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, இந்தி ஆட்சிமொழியாவதை அவரே எதிர்த்தார். 1967-இல் திமுகவோடு சேர்ந்து காங்கிரஸை வீழ்த்தினார். 1971-இல் காமராஜரோடு சேர்ந்து திமுகவை எதிர்த்தார்.

இவரைச் சந்தர்ப்பவாதி என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. 1942-இல், முஸ்லிம் லீக்குடன் சமரசம் வேண்டும் என்று சொல்லிக் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதனால் அவருக்கு வந்தது வசைதான். இந்தியை எதிர்த்தபோது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். விடுதலைப் போராட்டத்தில் இணைப்பு மொழியாகத் தெரிந்தது, சுதந்திர நாட்டில் ஆதிக்க மொழியாகும் என்று கண்டார். அந்த மாற்றம் சரியானது.

அவர் மாறாத இடம் கல்வி. 1953-இல் கொண்டுவந்த திட்டம், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். 1954-இல் ராஜாஜி முதல்வர் பதவியை விட்டார்; திட்டத்தின் நியாயத்தை விடவில்லை. காமராஜர் அரசு அதைக் கைவிட்டது.

சிவகாசியின் குழந்தை உழைப்புக்கு அந்தத் திட்டத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் பகல் பொழுது குடும்பப் பிழைப்புக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கந்தக பூமியே சாட்சி. மழை பொய்த்த கரிசல் காட்டில் தீப்பெட்டி ஒட்டியும் தீக்குச்சி அடுக்கியும் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1996-இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் சிறுவர்களை வைத்திருக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

ஒரு சிந்தனையாளர் எத்தனை முறை கருத்தை மாற்றிக்கொண்டார் என்று எண்ணிப் பயனில்லை. எந்த அநீதி அவருக்கு உறைத்தது, எது உறைக்கவில்லை என்று பார்க்க வேண்டும். டெல்லி தன் மொழியை நம்மீது ஏற்றுவது அநீதி என்று ராஜாஜி உணர்ந்தார். தகப்பனின் தொழிலைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதும் அநீதிதான். அதை அவர் உணர மறுத்தது, அவருடைய எல்லா அரசியல் திருப்பங்களையும் விடப் பெரிய குறை.