கணிப்பொறி விளையாட்டுக் கல்வி: வகுப்பறையும் தொழிற்கூடமும்

கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் விளையாட்டுகளை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் அவற்றைப் படைப்பது, கணிதம், ஓவியம், இசை, உளவியல் ஆகியவை ஒன்றுகூடும் தொழிலாகும். அசைவூட்டம், காட்சி விளைவுகள், விளையாட்டு, படக்கதை ஆகிய துறைகளுக்கெனத் தனிப் பணிக்குழு ஒன்று 2022-23ஆம் ஆண்டின் மத்திய வரவு-செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூர் வளாகம் இத்துறையில் முதுநிலைப் படிப்பை நடத்தி வந்துள்ளது. 2025 ஜூலையில் மும்பையில் இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. பணப் பந்தயமற்ற விளையாட்டுகளை அத்தடை தொடவில்லை.

கல்வி வாய்ப்புகள் பெருகுவது மட்டும் போதுமா? பட்டம் பெறும் மாணவர் தொழிலுக்கு ஆயத்தமாகிறாரா என்பதே நாம் கருத வேண்டிய கேள்வி.

வகுப்பறையின் எல்லை

வடிவமைப்பாளர் ஆட்டத்தின் விதிகளையும், படிப்படியாகக் கூடும் கடினத்தையும், வெற்றிக்குரிய பரிசையும் வகுக்கிறார். நிரலாளர் அவற்றை சி++, சி# போன்ற மொழிகளில் இயங்கச் செய்கிறார். நொடிக்கு 60 படங்கள் திரையில் தோன்ற வேண்டுமெனில், ஒவ்வொரு படத்திற்குமான கணக்குகள் அனைத்தும் சுமார் 16 மில்லி நொடிக்குள் முடிந்தாக வேண்டும். இவ்வடிப்படைகளைக் கல்லூரி நன்கு கற்பிக்க இயலும்.

ஆயின் கல்லூரியில் மாணவர் பெரும்பாலும் தம் சொந்த நிரலையே எழுதுகிறார். பணி பாதியில் நின்றாலும் ஓரளவு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. தொழிற்கூடத்திலோ பிறர் எழுதிய நிரலைப் படித்துத் திருத்த வேண்டும். நினைவகம் குறைந்த, விலை மலிந்த கைப்பேசியிலும் ஆட்டம் தடையின்றி ஓட வேண்டும். குறித்த நாளில் வெளியிடுவதற்காக, விரும்பிச் செய்த பகுதியையே நீக்கவும் நேரும். இத்தகைய முடிவுகளை எடுக்கும் ஆற்றல் விரிவுரையால் வருவதன்று. உடனிருந்து பழகுவதால் வருவது.

சட்டம் தரும் வாய்ப்பு

இதற்கான அடித்தளம் நம் நாட்டில் முன்னரே இடப்பட்டுள்ளது. 1961ஆம் ஆண்டின் தொழிற் பழகுநர் சட்டம், 1973இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மும்பை, சென்னை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நகரங்களிலுள்ள நான்கு வட்டார வாரியங்கள் இப்பணியைக் கவனித்து வந்துள்ளன. பட்டதாரிப் பழகுநருக்குரிய குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடும் உண்டு. பட்டப்படிப்பினுள்ளேயே குறைந்தது ஒரு பருவத்தைப் பழகுநர் பயிற்சிக்கு ஒதுக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைகள் வழிவகுத்தன. 2023இன் தேசியத் தகுதிமதிப்புக் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு தகுதிமதிப்பாகும். எனவே 600 மணி நேரப் பயிற்சி 20 தகுதிமதிப்புகளைத் தரும்.

எனினும் இடர் ஒன்றுண்டு. 2019ஆம் ஆண்டின் விதித் திருத்தம், 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே பழகுநர்களைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. நான்கு முதல் 29 பேர் வரை உள்ளவற்றிற்கு அது விருப்பமே. விளையாட்டுக் கூடங்கள் பலவும் சிறு குழுக்களே. ஆகவே சட்டத்தின் கட்டாயம் இத்துறையின் பெரும்பகுதியை எட்டுவதில்லை. மாணவர் தாமே இடந்தேடி அலைவதும், உதவித்தொகையின்றி நாள் முழுதும் பிழை தேடும் பணியில் மட்டும் அமர்த்தப்படுவதும் இதன் விளைவாக நேரக்கூடும்.

செய்ய வேண்டுவன

சிறு கூடங்கள் பலவற்றைக் கல்லூரிகளே அணுகி ஒருங்கிணைக்க வேண்டும். பதிவு, கணக்கு ஆகியவற்றின் சுமையையும் அவை பகிர்ந்துகொள்ளலாம். பயிற்சிக்கு முன்னர் எழுத்து மூலமான திட்டமும், மூத்த வழிகாட்டி ஒருவரும், உதவித்தொகையும் உறுதி செய்யப்பட வேண்டும். ஓர் ஆட்டத்தின் சிறு பகுதியையேனும் கருத்து நிலையிலிருந்து வெளியீடு வரை மாணவர் உடனிருந்து முடித்திருக்க வேண்டும். மதிப்பீடும் அதனையே பொருத்தமைய வேண்டும்.

பழகுநரைப் பயிற்றுவிக்கச் செலவிடும் நேரம் சிறு நிறுவனத்திற்கு இழப்பாகத் தோன்றலாம். அவ்விழப்பைக் கல்லூரியும் அரசும் பகிர்ந்துகொள்ளும்போதுதான் ஏட்டுக் கல்வி தொழிற்கல்வியாக மலரும்.